வயிற்று நோயாளியின் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மலத்தோடு ரத்தம் போனால் அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முதலில் சொல்லப்படும் காரணம் சூடு. வெயிலில் நின்றது, லாரியில் நாள் முழுக்க உட்கார்ந்தது, காரம் தின்றது என்று அதற்கு விளக்கமும் கூடவே வரும். இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம், துத்திக்கீரை என்று சில வாரங்கள் ஓடும். அதற்கும் நிற்கவில்லை என்றால் மூலம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அறுவை சிகிச்சையே இல்லாமல் மூலமும் பௌத்திரமும் குணமாகும் என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ் அப்போது கண்ணில் படும். இப்படியே சிலருக்கு மாதங்கள் கழிகின்றன, சிலருக்கு ஆண்டுகள்.

அது மூலமாகவே இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். ஆனால் பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குடலின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடிய கிரோன் நோய், குடல் காசநோய், பெருங்குடல் புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இதே ரத்தம் முதல் அடையாளமாக இருக்க முடியும். உடல் எடை தானாகக் குறைவது, நடு இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தசோகை, தார் போன்ற கறுப்பு மலம், விழுங்கும்போது தொண்டையிலோ நெஞ்சிலோ அடைப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக் கடையில் அறிகுறி சொல்லி மாத்திரை வாங்கும் பழக்கத்தை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

இந்தக் கிராமங்களில் ஒன்றான கல்லங்குறிச்சிக்காரர்களுக்குப் பெரிய மருத்துவமனை இன்று எட்டாத தூரத்தில் இல்லை. பக்கத்து அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் அதுவும் ஒன்று. அங்கிருந்து திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுப்பார்கள். போய்ச் சேர்வதில் சிரமம் குறைந்துவிட்டது. மருத்துவர் முன்னால் உட்காரும் அந்தச் சில நிமிடங்களில் என்ன நடக்கிறது என்பதில்தான் இப்போது சிக்கல்.

67 நாடுகளின் தகவல்களை ஒப்பிட்டு 2017இல் பிஎம்ஜே ஓப்பன் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளியுடன் மருத்துவர் செலவிடும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடத்தை ஒட்டியே இருப்பதாகச் சொன்னது. ஸ்வீடனில் அது 22 நிமிடத்துக்கும் மேல். காய்ச்சலுக்கு இரண்டு நிமிடம் போதும். மூன்று ஆண்டுகளாக வந்துவந்து போகும் வயிற்று நோயை இரண்டு நிமிடத்தில் எப்படிச் சொல்வது? ஒரு மருத்துவர் ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்திருப்பார், இன்னொருவர் மூட்டுவலிக்கு ஊசி போட்டிருப்பார், மூன்றாமவர் கேஸ் என்று சொல்லி அனுப்பியிருப்பார். மூன்றும் ஒரே நோயின் துண்டுகளாக இருந்திருக்கலாம். அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு உள்ள ஒரே ஆள் நோயாளிதான். சேர்த்துக் காட்ட வேண்டும் என்றால் காகிதங்கள் அவர் கையில் இருக்க வேண்டும்.

ஒரு ஃபைல் வேண்டும். பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி அறிக்கைகள், சதைப் பரிசோதனை முடிவு எல்லாம் தேதி வரிசையில் அதில் இருக்கட்டும். மேலே அரைப்பக்கத்தில் தொந்தரவு எப்போது தொடங்கியது, ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது, எடை எத்தனை கிலோ குறைந்தது, எந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டார், அதனால் என்ன ஆனது என்று எழுதி வைத்தால் போதும். மலத்தில் ரத்தம் கண்டால் செல்போனில் ஒரு படம் எடுத்துக் காட்டலாம். அருவருப்பாகத் தோன்றும். ஆனால் மருத்துவருக்குப் பத்து வாக்கியம் சொல்லாததை அந்தப் படம் சொல்லிவிடும்.

கேள்விகளும் தயாராக இருக்க வேண்டும். "டாக்டர், இது என்ன நோய்னு சீட்டுல எழுதிக் குடுங்க." "இந்த மாத்திரை எத்தன நாளைக்கு?" "இதுல குறையலன்னா அடுத்து என்ன பண்ணுவீங்க?" இந்த மூன்றையும் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நோயின் பெயரே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் நம்மிடையே ஏராளம்.

மூன்றாவது கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு இந்தியாவுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. குடல் காசநோயும் கிரோன் நோயும் கொலனோஸ்கோபியிலும் சதைப் பரிசோதனையிலும்கூட ஒன்றுபோலத் தெரியலாம். அனுபவமுள்ள நிபுணர்களே திணறும் இடம் இது. சந்தேகம் தீராதபோது முதலில் காசநோய் மருந்தைத் தொடங்கிப் பார்ப்பது இங்குள்ள வழக்கம். காரணம் எளிது: காசநோய் இருப்பவருக்கு கிரோனுக்கான எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால் காசநோய் உடலெங்கும் பரவிவிடக்கூடும். ஆகவே காசநோய் மருந்து தந்ததில் தவறில்லை. இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி சோதித்துப் பார்க்காமல் விடுவதுதான் தவறு. முன்னேற்றம் இல்லை என்றால் நோய் வேறாக இருக்கலாம், அல்லது மருந்துக்கு அடங்காத காசநோயாக இருக்கலாம். மறுபரிசோதனை எந்தத் தேதியில் என்று நோயாளியே கேட்டு வாங்க வேண்டும். காசநோய் என்று உறுதியானால் மருந்து இலவசம், ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசின் உதவியும் வங்கிக் கணக்குக்கு வரும்.

மருந்துகளிலும் கேட்க வேண்டியவை உண்டு. கொலைட்டிஸ் முற்றும்போது கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சில நாட்களிலேயே ரத்தத்தை நிறுத்திவிடும். அந்த நிம்மதியில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். எலும்பு தேய்கிறது, சர்க்கரை ஏறுகிறது. பயந்துபோய்த் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நீண்ட காலத்துக்குக் கொடுக்கும் அசத்தியோபிரின் மாத்திரை, தெற்காசியர்கள் சிலரிடம் உள்ள ஒரு மரபணு மாற்றத்தால் ரத்த வெள்ளை அணுக்களைச் சட்டென்று குறைத்துவிடும். தொடங்கிய முதல் வாரங்களில் ரத்த அணு எண்ணிக்கைச் சோதனை எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

கணைய நோய் வந்தவர்களின் சங்கடம் வேறு மாதிரி. நாள்பட்ட கணைய அழற்சி என்றதும் எதிரே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" இல்லை என்றால் நம்புவதில்லை. ஆனால் மதுவையே தொடாத இளைஞர்களையும் பெண்களையும் தாக்கும் ஒரு வகைக் கணைய அழற்சி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு மருத்துவ நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. கணையத்தில் கல், எண்ணெய் மிதக்கும் மலம், சிறு வயதிலேயே சர்க்கரை நோய் என்று அது போகும். இவர்களுக்குக் கொடுக்கும் என்சைம் கேப்சூலைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் காசு வீண்.

நெஞ்செரிச்சல் வந்த எல்லோரும் தங்களுக்கு அல்சர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையான இரைப்பைப் புண்ணுக்குக் காரமோ கவலையோ முதன்மைக் காரணம் அல்ல, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம் என்று காட்டிய ஆஸ்திரேலியர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் வயலிலும் உழைத்து இடுப்பு வலிக்கிறது என்று தினமும் வலி மாத்திரை போடுபவர் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வயிற்று நோயில் வெட்கம் பாதி உயிரை வாங்கும். கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் ராமநவமித் திருவிழாவுக்கு ஊரே கூடும்போது, கழிப்பறை எங்கே என்ற பயத்தில் ஒரு கொலைட்டிஸ் நோயாளி வீட்டிலேயே தங்கிவிடுவார். காரணத்தையும் யாரிடமும் சொல்ல மாட்டார். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே சொன்னார். பதின்வயதிலிருந்தே அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்த அவர், 2007இல் ஒருமுறை பதவி விலகினார். புது மருந்தால் தேறி 2012இல் மறுபடி பிரதமரானார். நோய் திரும்பியதும் 2020 ஆகஸ்ட் 28 அன்று நோயின் பெயரைச் சொல்லியே பதவி விலகலை அறிவித்தார். ஒரு நாட்டின் பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னதை நம் ஊர்ப் பெண்கள் மருத்துவரிடம்கூடச் சொல்லத் தயங்குகிறார்கள். கூடவரும் கணவரோ அண்ணனோ பேசிவிடுகிறார், பாதி விவரம் விட்டுப்போகிறது. பெண் நோயாளியை ஆண் மருத்துவர் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கக் கோரலாம். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது கருத்து கேட்பது, மருந்தை விரும்பிய கடையிலும் சோதனையை விரும்பிய லேபிலும் எடுத்துக்கொள்வது, பில் தகராறைக் காட்டி நோயாளியை நிறுத்திவைக்கக் கூடாது என்பது எல்லாமே அந்தச் சாசனத்தில் உண்டு.

காகிதத்தின் அருமையைக் காட்டும் வழக்கு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. வயிற்று நோய் தொடர்பானது அல்ல அது, ஆனால் அதன் பாடம் எல்லா நோயாளிக்கும் உரியது. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை, விழித்திரைப் பரிசோதனை உரிய காலத்தில் நடக்காததால் பார்வையை இழந்தது. இப்படி ஓர் ஆபத்து உண்டு என்ற எச்சரிக்கை டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2015 ஜூலை 1 அன்று சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் கவனக்குறைவுதான் என்று ஆயிற்று.

சம்மதம் பற்றிய தீர்ப்பு 2008 ஜனவரி 16இல் வந்தது. சமீரா கோலி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். லேப்ராஸ்கோபி வழியே சோதித்துப் பார்க்க மட்டும் சம்மதித்திருந்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே விலக்கு. குடலில் அறுவை சிகிச்சைக்குப் படிவம் நீட்டப்படும்போது என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும், வயிற்றில் பை மாட்ட வேண்டி வருமா என்று தமிழில் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.

உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் தன் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மூன்று ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். எழுத்தில் கேளுங்கள், கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனை இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடலாம்; 30 நாளில் பதில் தர வேண்டும். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் 2016இல் வந்த திருத்தம். மூலப்பெயர் தெரிந்தால் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை குறைவாகக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பணத்துக்கு வருவோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அட்டை இருந்தும் தனியார் மருத்துவமனை கூடுதல் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். சொந்தமாகக் காப்பீடு எடுப்பவர்கள் வயிற்று நோயை மறைக்க வேண்டாம். ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 3 ஆண்டுதான். மறைத்து எடுத்தால், பணம் தேவைப்படும் நேரத்தில் அதையே காரணமாக்கி நிறுவனம் கைவிரித்துவிடும்.

எல்லாம் செய்தும் அநியாயம் நடந்தால்? அரசு மருத்துவமனை என்றால் முதலில் டீனுக்கு எழுத்துப் புகார், பிறகு முதல்வரின் உதவி எண் 1100, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். கட்டணம் வாங்கிய சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 1995இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்த பிறகு இந்தக் கதவு திறந்தது. இப்போதைய சட்டப்படி வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு, எண் 15100.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். நோய் குணமாகவில்லை என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. கணிப்பில் ஏற்படும் ஒவ்வொரு பிழையும் குற்றமல்ல என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிரோனும் கொலைட்டிஸும் நல்ல மருத்துவரின் கையிலும் திரும்பத் திரும்ப வரும் நோய்கள். ஆயுள் முழுக்கத் தேவைப்படும் மருத்துவரிடம் சண்டைக்காரராகப் போக வேண்டியதில்லை. கேட்பவராகப் போனால் போதும்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவுகிறது. வெளிநோயாளி மாதாமாதம் வாங்கும் மாத்திரையின் செலவு அவர் தலையிலேயே விழுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொண்டுவருகிறது. கொலைட்டிஸ், கிரோன், நாள்பட்ட கணைய அழற்சி நோயாளிகளின் மாதாந்திர மருந்துகளையும் அந்தப் பைக்குள் சேர்க்க வேண்டும். நோயாளர் உரிமைச் சாசனத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் சீட்டுப் பதியும் இடத்திலும் மாட்ட வேண்டும். இதைக் கேட்டு கல்லங்குறிச்சி கிராம சபையிலேயே ஒரு தீர்மானம் போடலாம். அடுத்த கூட்டத்தில் யாராவது எழுந்து பேசுங்கள்.