அம்பின் இறகு

ஒலிம்பிக் விற்போட்டியில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் நிற்கும். அதன் நடுவே பத்துப் புள்ளி பெறும் வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டரே. அத்துணைச் சிறிய இடத்தில் அம்பு தைப்பதற்கு வில்லாளரின் கண்ணும் கையும் மட்டும் போதா. அம்பின் பின்பகுதியில் ஒட்டியுள்ள மூன்று சிறிய இறகுகளும் துணை நிற்றல் வேண்டும்.

நாண் உந்தும்பொழுது அம்பின் தண்டு வளைந்து நெளிந்தே புறப்படுகிறது. இறகுகள் காற்றில் தடைப்பட்டு, அம்பின் வாலைப் பின்னோக்கி இழுக்கின்றன. அதனால் ஆட்டம் அடங்கி, அம்பு நேராகச் செல்கிறது. மூன்றில் ஒன்று கிழிந்தாலும் தளர்ந்தாலும் இழுவிசை மாறுபடும். அம்பும் வழி மாறும். ஆகவே பழுதுற்ற இறகை நீக்கிப் புதியது ஒட்டுவர்.

நீக்கும் வேலை எளிதாகத் தோன்றும். ஆயினும் அவசரம் இங்கே பெருந்தீங்கு விளைக்கும். முதலில், பழைய இறகுகள் தொடங்கும் இடத்தைத் தண்டில் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு தொகுதியிலுள்ள அம்புகள் யாவும் ஒத்திருந்தால்தான் ஒரே வழியிற் செல்லும். பின்பு மழுங்கிய கத்தியைத் தண்டின் நீளவாட்டில் சாய்த்துப் பிடித்து, இறகின் அடியை மெல்லச் சுரண்ட வேண்டும். கூரிய கத்தி கார்பன் தண்டின் இழைகளை அறுத்துவிடும். நெருப்பில் காட்டினாலோ, இழைகளைப் பிணைத்துள்ள பிசின் கெடும். மரத்தண்டாயின், அதன் மேற்பூச்சு உரியாதவாறு காத்தல் வேண்டும்.

அடுத்து எஞ்சிய பசையைச் சுரண்டி அகற்ற வேண்டும். பழைய பசையின்மேல் பூசிய புதுப்பசை தண்டைப் பற்றுவதில்லை. பழைய பசை பெயரும்பொழுது தானும் உடன் பெயர்ந்துவிடும். பின்னர்த் தூய துணியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து உலர விடுவர். அதன்பின் அவ்விடத்தை விரலால் தொடலாகாது. தோலின் எண்ணெய்ப் பசையே ஒட்டுதலைக் கெடுத்துவிடும். அலுமினியத் தண்டு தூய்மையானதா என்பதை நீரே காட்டும். நீர் ஒரே படலமாகப் பரவினால் அழுக்கில்லை. துளி துளியாகத் திரண்டால் அழுக்கு எஞ்சியுள்ளது என்று அறியலாம்.

இறுதியாகத் தண்டையே ஆராய்தல் வேண்டும். கார்பன் தண்டை முகத்துக்கு அப்பால் பிடித்துச் சற்றே வளைத்துச் செவிகொடுப்பர். நொறுங்கும் ஓசை எழுந்தாலும், விரிசல் தென்பட்டாலும் அதனை மீண்டும் எய்தலாகாது. எய்யும்பொழுது முறிந்தால், அதன் சிம்புகள் வில்லேந்திய கையைத் துளைத்துவிடும். புதிய இறகின் அழகு இக்குற்றத்தை மறைக்குமேயன்றி நீக்காது.

இலக்கில் தைத்த அம்பைக் காண்போர் புகழ்வர்; இறகின் அடியில் மறைந்த தூய்மையை எவரும் காணார். எனினும் அம்பு நேராகச் செல்வதற்கும், எய்பவர் கை ஊறுபடாதிருப்பதற்கும் கண்ணிற்படாத அப்பணியே காவலாகும்.