'மரணம்' என்று பெயர் வைத்த அண்ணன்... 34 வருடங்கள் காத்துக்கிடந்த பாட்டு!

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து ஓர் இசைக்குழு ஆரம்பிக்கிறார்கள். நன்றாகவே வாசிக்கிறார்கள். இசை உலகின் பெரிய மனிதர் ஒருவர் அவர்களை வளர்த்துவிடத் தயாராக இருக்கிறார். ஒரே ஒரு சிக்கல்தான். அந்தக் குழுவுக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர், 'மரணம்'! பெயரை மட்டும் மாற்றினால் போதும், மற்ற எல்லாம் நடக்கும் என்கிறார்கள். நீங்களாக இருந்தால் பிள்ளைகளிடம் என்ன சொல்வீர்கள்?

"அதை மொதல்ல மாத்தித் தொலைங்கப்பா!" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் சொல்வார்கள். விளக்கு வைத்த நேரத்தில் அந்த வார்த்தை காதில் விழுந்தாலே அதட்டுகிறவர்கள் நாம்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், 1975-ம் ஆண்டு, இது நிஜமாகவே நடந்தது. மூன்று சகோதரர்கள். மூவரில் மூத்தவர் 'மாற்ற முடியாது' என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அந்தக் குடும்பம் கொடுத்த விலை, 34 வருடங்கள்.

அந்தக் குழுவின் பெயர் 'டெத்'. சகோதரர்கள் டேவிட், டேனிஸ், பாபி ஹாக்னி. டேவிட் கிட்டார், டேனிஸ் டிரம்ஸ், பாபி பேஸ் கிட்டாரும் பாட்டும்.

டி.வி முன்னால் உட்கார வைத்த அப்பா!

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு முதன்முறையாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியது. சுமார் 7.3 கோடிப் பேர் பார்த்த நிகழ்ச்சி அது. ஹாக்னி வீட்டில் அப்பா தன் பிள்ளைகளை டி.வி முன்னால் உட்காரவைத்து, 'இதைப் பாருங்கள்' என்று காட்டினார். மறுநாளே சிறுவன் டேவிட், சந்தில் யாரோ தூக்கிப்போட்டிருந்த ஒரு கிட்டாரைக் கண்டெடுத்து வந்தான் என்கிறார்கள் சகோதரர்கள். அவனைப் பார்த்து தம்பிகளும் ஆளுக்கொரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

டெட்ராய்ட் அப்போது இரண்டு விஷயங்களுக்குப் பேர்போன ஊர். ஒன்று, கார். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் என மூன்று பெரிய கார் நிறுவனங்களும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தன. இன்னொன்று, மோடவுன். பெர்ரி கோர்டி 1959-ல் தொடங்கிய அந்த இசை நிறுவனம்தான் கறுப்பினப் பாடகர்களை வெள்ளையர் வீடுகளின் ரேடியோவுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்த்தது. கறுப்பினப் பிள்ளைகள் வாத்தியத்தைத் தூக்கினால் மோடவுன் மாதிரி இழைந்து பாட வேண்டும், அல்லது ஆடவைக்கும் ஃபங்க் வாசிக்க வேண்டும். ஊர் எதிர்பார்த்தது அதைத்தான்.

ஹாக்னி சகோதரர்களும் 1971-ல் ஃபங்க் குழுவாகத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால், 'தி ஹூ', ஆலிஸ் கூப்பர் போன்றவர்களின் மேடை நிகழ்ச்சிகளைப் பார்த்த பிறகு அவர்களின் பாதை மாறியது. சத்தம் கூடியது. வேகம் கூடியது. மோடவுன் மெட்டுகளின் நெளிவு சுளிவெல்லாம் போய், மோட்டார் சைக்கிள் சீறுவது போன்ற ஓர் இசை அந்த வீட்டிலிருந்து வர ஆரம்பித்தது.

அக்கம்பக்கத்தில் சும்மா இருப்பார்களா? புகார்கள் வந்தன. 'நம்ம பிள்ளைங்க எதுக்கு வெள்ளைக்காரன் பாட்டை வாசிக்கணும்?' என்ற கேள்வியும் கூடவே வந்தது. கறுப்பின மக்கள் வாழும் அந்தத் தெருவில் இது பெரிய கேலி. ஆனால், அம்மா பிள்ளைகளின் பக்கம் நின்றார். ஒத்திகை வீட்டிலேயே தொடர்ந்தது.

பெயர் வந்த கதை

இந்த நேரத்தில்தான் அந்த வீட்டில் இடி விழுந்தது. பீட்டில்ஸைக் காட்டிக்கொடுத்த அப்பா, ஒரு விபத்தில் இறந்துபோனார். பிள்ளைகள் உடைந்துபோனார்கள்.

எல்லோரையும்விட டேவிட்டைத்தான் அது அதிகம் உலுக்கியது. ஆனால், அவர் யோசித்த விதமே வேறு. மரணம் என்பது முடிவு அல்ல, பிறப்பைப் போலவே அதுவும் ஒரு கட்டம், அதைப் பார்த்து ஏன் நடுங்க வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் பயப்படும் அந்தச் சொல்லை எடுத்து, அதை நல்ல அர்த்தத்துக்குத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று முடிவுசெய்தார். குழுவுக்கு 'டெத்' என்று பெயர் வைத்தார். அதற்கு ஒரு சின்னமும் வரைந்தார். முக்கோணத்தில் மூன்று வட்டங்கள். அவை உடல், மனம், ஆன்மா. சற்றுத் தள்ளி இன்னொரு வட்டம். அது வழிகாட்டும் கடவுள்.

ஆக, அந்தப் பெயரில் மண்டையோடும் இல்லை, பேயும் இல்லை. அப்பாவை இழந்த ஒரு மகனின் பிரார்த்தனைதான் இருந்தது. ஆனால், பெயர்ப்பலகையைப் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

ஏழு பாட்டு... ஒரு நிபந்தனை!

டெட்ராய்ட்டில் 'குரூவ்ஸ்வில்' என்ற இசைத் தயாரிப்பு நிறுவனம் இருந்தது. அதை நடத்திய டான் டேவிஸ், சோல் இசையில் பெயர் பெற்ற தயாரிப்பாளர். சகோதரர்களின் வாசிப்பைக் கேட்ட அந்த நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1975-ல் அங்குள்ள யுனைடெட் சவுண்ட் ஸ்டூடியோவில் ஏழு பாடல்கள் பதிவாகின. எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேரம்கூட வராது. அவ்வளவு வேகம்.

அதில் முக்கியமான பாட்டு, 'பொலிட்டீஷியன்ஸ் இன் மை ஐஸ்'. வியட்நாம் போர் முடிந்த காலகட்டம் அது. இளைஞர்களைப் போருக்கு அனுப்பிவிட்டு, தாங்கள் பத்திரமாக இருந்துகொள்ளும் அரசியல்வாதிகள் மீதான கோபம்தான் அந்தப் பாட்டு.

பதிவான பாடல்கள் கிளைவ் டேவிஸிடம் போய்ச் சேர்ந்தன. சந்தானா, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் போன்றவர்களை ஒப்பந்தம் செய்து வளர்த்துவிட்ட, அமெரிக்க இசைத்துறையின் செல்வாக்கான மனிதர் அவர். பாடல்கள் அவருக்குப் பிடித்துவிட்டன. ஆனால், பெயர் பிடிக்கவில்லை. பெயரை மாற்றினால் மேற்கொண்டு பேசலாம் என்பதுதான் நிபந்தனை.

தம்பிகளுக்கு அந்த வாய்ப்பை விட மனமில்லை. இருபது வயதை ஒட்டிய பையன்கள். கையில் காசு இல்லை. வாசலில் வந்து நிற்கும் வாழ்க்கையை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால், டேவிட் அசையவில்லை. ஒருமுறை பெயரை விட்டுக்கொடுத்தால், அடுத்து பாட்டை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள், அதற்கடுத்து எல்லாவற்றையும் என்பது அவர் கணக்கு. தம்பிகள் அண்ணன் பேச்சைத் தட்டவில்லை. ஒப்பந்தம் கைநழுவியது. பதிவான டேப்களை மட்டும் டேவிட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

500 இசைத்தட்டுகள்

1976-ல் சொந்தமாகவே ஒரு சிங்கிள் இசைத்தட்டு போட்டார்கள். ஒரு பக்கம் 'பொலிட்டீஷியன்ஸ்', மறுபக்கம் 'கீப் ஆன் நாக்கிங்'. 500 பிரதிகள். அதைத் தூக்கிக்கொண்டு ரேடியோ நிலையங்களுக்கு அலைந்தார்கள். அங்கே இன்னொரு சுவர் இருந்தது. கறுப்பர்களுக்கான நிலையங்களுக்கு இது 'ராக்'. ராக் நிலையங்களுக்கோ இவர்கள் கறுப்பர்கள். எந்தப் பெட்டியிலும் அடங்காத இசையை எந்த நிலையமும் கண்டுகொள்ளவில்லை.

அதே 1976-ல்தான் நியூயார்க்கில் 'ரமோன்ஸ்' குழுவின் முதல் ஆல்பம் வெளியானது. லண்டனில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' முதல் சிங்கிளை வெளியிட்டது. வேகமான, சத்தமான, கோபமான, இரண்டு மூன்று நிமிடப் பாட்டுகள். அந்த இசைக்கு 'பங்க் ராக்' என்று பெயர் வைத்து உலகமே கொண்டாடியது. நம்மூரில் 'பங்க்' என்றால் 80-களின் தலைமுடி ஸ்டைல் ஞாபகம் வரும்.  அதே மாதிரியான இசையை, ரமோன்ஸ் ஆல்பம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே மூன்று கறுப்பின இளைஞர்கள் டெட்ராய்ட்டில் பதிவுசெய்து கையில் வைத்திருந்தார்கள். அது யாருக்கும் தெரியாது.

பிரிந்த பாதை

1977-ல் சகோதரர்கள் மூவரும் டெட்ராய்ட்டை விட்டு, வட கிழக்கில் கனடா எல்லையை ஒட்டிய வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே 'தி ஃபோர்த் மூவ்மென்ட்' என்ற புதிய பெயரில், கடவுளைப் பாடும் ராக் இசையாக இரண்டு ஆல்பங்கள் வந்தன. அவையும் எடுபடவில்லை.

1982-ல் டேவிட் சொந்த ஊருக்கே திரும்பிப்போனார். தம்பிகள் வெர்மான்ட்டிலேயே தங்கிவிட்டார்கள். குடும்பம், பிள்ளைகள், வேலை என்று வாழ்க்கை ஓடியது. 'லாம்ப்ஸ்பிரெட்' என்ற பெயரில் ரெகே குழு ஒன்றை நடத்தினார்கள். உள்ளூரில் நல்ல பெயர். 'டெத்' பற்றிப் பிள்ளைகளிடம்கூட அவர்கள் பேசவில்லை. தோற்றுப்போன கதையை யார்தான் பிள்ளைகளிடம் உட்கார்ந்து சொல்வார்கள்?

ஆனால், டேவிட் அதைத் தோல்வியாக நினைக்கவே இல்லை. தன் கடைசிக் காலத்தில் அந்த ஸ்டூடியோ டேப்களைத் தம்பி பாபியிடம் ஒப்படைத்தார். பத்திரமாக வைத்துக்கொள், ஒருநாள் உலகம் இதைத் தேடி வரும் என்று சொன்னார். தம்பி வாங்கிப் பரணில் வைத்தார். 2000-ம் ஆண்டு, நுரையீரல் புற்றுநோயால் டேவிட் காலமானார். அப்போது அந்த டேப்பை உலகில் யாருமே தேடவில்லை.

"இது அப்பா குரலாச்சே!"

அந்த 500 இசைத்தட்டுகளில் சில, பழைய தட்டுகளைத் தேடிச் சேகரிப்பவர்களின் கைக்குப் போயிருந்தன. யார் இவர்கள், எந்த ஊர், எதுவும் தெரியாமலேயே அதைக் கேட்டு அசந்துபோனார்கள். ஒரு தட்டு பல நூறு டாலர்களுக்கு விலைபோனது. யாரோ அதை இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள்.

2008 வாக்கில் அந்தப் பாட்டு சுற்றிச் சுற்றி பாபியின் மகன்களின் காதுக்கே வந்து சேர்ந்தது. கேட்ட உடனே அவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாடுவது தங்கள் அப்பா! பிறந்ததிலிருந்து ரெகே வாசிக்கும் அப்பாவை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களே பங்க் ராக் ரசிகர்கள். தாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இசையை, தாங்கள் பிறப்பதற்கு முன்பே அப்பாவும் பெரியப்பாக்களும் வாசித்திருக்கிறார்கள் என்றால் எப்படி இருக்கும்?

பரணிலிருந்து டேப்கள் இறங்கின. 2009 பிப்ரவரியில் சிகாகோவின் 'டிராக் சிட்டி' நிறுவனம் அந்த ஏழு பாடல்களையும் ஆல்பமாக வெளியிட்டது. குழுவின் பெயர்? 'டெத்' என்றேதான். 'நியூயார்க் டைம்ஸ்' முழுநீளக் கட்டுரை எழுதியது. டெட்ராய்ட்டில் பிறந்த புகழ்பெற்ற ராக் கலைஞர் ஜாக் ஒயிட், தன் காதுகளையே நம்ப முடியவில்லை என்று வியந்தார். அதே ஆண்டு பாபியும் டேனிஸும் 'டெத்' என்ற பெயரில் மீண்டும் மேடையேறினார்கள். அண்ணன் இடத்தில், 'லாம்ப்ஸ்பிரெட்' குழுவின் பாபி டங்கன் கிட்டார் வாசித்தார். 2012-ல் அவர்கள் கதை 'எ பேண்ட் கால்டு டெத்' என்ற ஆவணப்படமானது. 2015-ல் புதிய ஆல்பமும் வந்தது.

அண்ணன் செய்தது சரியா?

இந்தக் கதையைக் கேட்கிற எவருக்கும் இந்தக் கேள்வி வரும். பெயரை மாற்றியிருந்தால் தம்பிகளின் இளமை வீணாகியிருக்காதே? வருமானம், புகழ் எல்லாம் கிடைத்திருக்குமே? நியாயமான கேள்விதான். விட்டுக்கொடுக்காத பிடிவாதத்துக்கு எல்லா வீடுகளிலும் இப்படி நல்ல முடிவு வருவதில்லை. பரணிலேயே மக்கிப்போன டேப்கள்தான் உலகில் அதிகம்.

ஆனால், ஒன்றை மறுக்க முடியாது. தம்பிகள் அந்த டேப்பைத் தூக்கி எறியவில்லை. அண்ணன் சொன்னது நடக்குமென்று நம்பினார்களோ இல்லையோ, அண்ணன் கொடுத்தது என்பதற்காகவே வைத்திருந்தார்கள். டேவிட்டின் பிடிவாதம் பாதி என்றால், அந்தப் பாசம் மீதிப் பாதி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தப் பாடல்கள் இன்று நமக்கு இல்லை.

பாபியின் மகன்களும் ஒரு பங்க் குழு ஆரம்பித்தார்கள். பெரியப்பாவின் பாடல்களை மேடையில் வாசிப்பதற்காகவே தொடங்கிய குழு அது. அதன் பெயர் 'ரஃப் ஃபிரான்சிஸ்'. டெட்ராய்ட்டுக்குத் தனியாகத் திரும்பிய பிறகு, யாரும் கேட்காத நாட்களில், டேவிட் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. பிள்ளைகள் அதை மாற்றவே இல்லை.