பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள்

லாரிக்கும் பேருந்துக்கும் குறித்த காலத்தில் பரிசோதனை உண்டு. நம் மோட்டார் சைக்கிளுக்கு அது இல்லை. சாலை வரி கட்டியதாலேயே வண்டி நன்றாயிருக்கிறது என்று பொருளாகாது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டியல்லவா? ஆகவே, நாமே பரிசோதகராக வேண்டும்.

டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் உடனே மாற்றவேண்டும். டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில், பின்சக்கரத்தருகே ஓர் அம்புக்குறி உண்டு. பிரேக்கை முழுதும் மிதிக்கும்போது அது எல்லைக்குறியை எட்டினால், உள்ளிருக்கும் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது என்று அறியலாம்.

இவற்றைப் பார்த்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றால் எளிதில் ஏமாற மாட்டோம். வேலை தொடங்குமுன் கூலியையும் சாமான் விலையையும் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் எடுத்துக் காட்டி, தேய்மானத்தையும் விளக்குவார், அவரை விட்டுவிடாதீர்கள். மழுப்புகிறவரிடம் கவனமாயிருங்கள்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏமாற்றப்பட்டால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், வழக்கறிஞர் வேண்டியதில்லை. அங்கே நமக்காகப் பேசுவது அந்த ரசீதுதான்.