பித்தளைத் தகடும் பந்தயக் காரும்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் ஓர் ஏலம் நடைபெற்றது. அதில் வந்த பொருள்களுள் ஒன்றைக் கண்டால், நம் ஊர்ப் பழைய இரும்புக் கடைக்காரர் தராசில் நிறுத்துத்தான் விலை சொல்வார். நெருப்பில் வெந்து, கசங்கி, துருவேறிய தகட்டுக் குவியல் அது. 1954-இல் இத்தாலியின் பெராரி தொழிற்சாலையில் '500 மோண்டியல்' என்னும் பெயருடன் பிறந்த பந்தயக் கார், 1960-களில் மோதி எரிந்து அந்நிலையை அடைந்திருந்தது. அதற்குக் கிடைத்த விலை 18 லட்சத்து 75 ஆயிரம் டாலர்!

வாங்கியவரைப் பித்தர் என்று எண்ணிவிட வேண்டாம். அத்தகைய காரின் உடலைப் புதிதாகத் தட்டி உருவாக்க வல்ல கைவினைஞர் ஐரோப்பாவில் இன்றும் உளர். அவர்களாலும் செய்ய இயலாதது ஒன்றுண்டு. அது, அன்று தொழிற்சாலையில் பொறித்த எண். எரிந்த குவியலில் அந்த எண் பிழைத்திருந்தது.

பழைய பந்தயக் கார்களைச் சேர்ப்போர் முதலில் தேடுவது இந்த எண்ணையே. சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தில் ஓர் எண், எஞ்சினில் ஓர் எண், சில கார்களில் கியர் பெட்டியிலும் ஓர் எண். இவை யாவும் தொழிற்சாலைப் பதிவேட்டுடன் ஒத்திருப்பின், 'எண் பொருந்திய கார்' என்று அதற்குத் தனி மதிப்பு. அமெரிக்கரின் கார்வெட் கார்களுள் 'எல் 88' என்னும் எஞ்சினுடன் 1967-இல் வெளிவந்தவை 20 மட்டுமே. அவற்றுள் ஒன்று 2014-இல் 38 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விற்பனையாயிற்று. அந்த எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்தால் கார் நன்றாகவே ஓடும். ஆனால் அதன் பெருமைக்குரிய காரணமே போய்விடும். இதனால்தான், எஞ்சினில் இருந்த எண்ணைத் தேய்த்துவிட்டு வேண்டிய எண்ணை அடித்து விற்கும் கள்ளத் தொழிலும் அந்நாடுகளில் தோன்றியது. ஜெர்மானியரின் போர்ஷே 911 வரிசையில் 1973-ஆம் ஆண்டின் 'கரேரா ஆர்.எஸ்.' என்பது 1,580 கார்களே செய்யப்பட்டது. சாதாரணக் காருக்கு அதன் வாலையும் வண்ணத்தையும் பூட்டி அவ்வினமாகக் காட்டுவது பெரிய வித்தையன்று. எண்ணைப் பார்க்கத் தெரியாதவன் ஏமாறுவான்.

இவ்வளவையும் கேட்டவர், 'அப்படியாயின் ஓர் ஆணியைக்கூட மாற்றலாகாதோ?' என்று கேட்பர். அவ்வாறும் இல்லை. பெராரியின் '250 ஜி.டி.ஓ.' இனத்தில் 36 கார்கள் 1962 முதல் 1964 வரை செய்யப்பட்டன. அவற்றுள் சிலவற்றுக்கு 1964-இல் பழைய உடலை நீக்கிப் புதிய உடலைப் பூட்டினர். அவ்வாறு உடல் மாறிய கார் ஒன்று, மாறிய உடலுடனேயே 2018-இல் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. மாற்றம் நிகழ்ந்தது பந்தயத்தில் வெல்வதற்காக, அந்தக் கார் பந்தயம் ஓடிய காலத்திலேயே, அதைச் செய்தவரின் ஏற்பாட்டிலேயே. ஆதலின் அது காரின் வரலாற்றில் ஓர் அத்தியாயமாகிவிட்டது. நாற்பது ஆண்டு கழித்து எவரோ ஒருவர் தம் ஆசைக்கு அதே வேலையைச் செய்திருந்தால் விலை சரிந்திருக்கும்.

திரும்பப் பெறத்தக்க மாற்றங்களும் உண்டு. 1961-இல் வந்த ஜாகுவார் 'ஈ டைப்' காரின் முதற் கியர் முரண்டு பிடிக்கும். பலர் ஐந்து கியர் உள்ள புதிய பெட்டியை வைத்துக்கொள்கின்றனர். ஆனால் அறிவுள்ளவர் பழைய பெட்டியை எண்ணெய் பூசி மரப்பெட்டியில் வைத்திருந்து, விற்கும்போது காருடன் சேர்த்துக் கொடுக்கின்றனர். கழற்றியதைத் தொலைத்தவருக்கே நட்டம்.

இவ்விஷயத்தில் நான் படித்தவற்றுள் மிகச் சுவையானது ஒரு நீதிமன்ற வழக்கு. இங்கிலாந்தில் செய்யப்பட்ட பென்ட்லி கார்களுள் 'ஓல்ட் நம்பர் ஒன்' என்னும் செல்லப் பெயருடையது ஒன்று உண்டு. பிரான்சு நாட்டு லே மான்ஸ் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929-இலும் 1930-இலும் தொடர்ந்து வென்ற கார் அது. 1932-இல் அதற்கு எட்டு லிட்டர் எஞ்சின் பூட்டி, புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் ஓட்டினர். ஓட்டியவர் கிளைவ் டன்பி. கார் ஓடுகளத்தின் சரிவைத் தாண்டிப் பாய்ந்தது. அவர் உயிர் துறந்தார். சிதைந்த கார் பின்னர்ச் சாலையில் ஓடும் மூடிய காராக மாற்றப்பட்டது. பல்லாண்டுகளுக்குப் பின் அதனை வாங்கியவர் மீண்டும் பந்தய உருவம் கொடுத்தார். 1990-இல் ஒரு கம்பெனி அதனை ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டது. பின்னர், 'இது அந்தக் காரே அன்று' என்று பணம் தர மறுத்தது.

வழக்கு நீதிபதி ஆட்டன் முன் வந்தது. 1929-இல் வென்ற காரின் உறுப்பு என்று உறுதியாகச் சுட்டத்தக்கது ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை என்று சாட்சியங்களிலிருந்து தெரிந்தது. ஆயினும் தீர்ப்பு விற்பவர் பக்கமே அமைந்தது. இதனை மாறாத அசல் என்று சொல்ல இயலாது. ஆனால் இது உண்மையான 'ஓல்ட் நம்பர் ஒன்' என்பதில் ஐயமில்லை என்பது நீதிபதியின் முடிவு. கார் ஒரு நாளில் அழிந்து மறுநாள் வேறொன்று முளைக்கவில்லை. உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறினவேயன்றி வரலாறு எங்கும் அறுபடவில்லை. அப்பெயருக்கு உரிமை கொண்டாட வேறொரு காரும் உலகில் இல்லை.

ரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இத்தீர்ப்பு வியப்பளிக்கவில்லை. நீராவி எஞ்சின்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் ஒன்றின் பாய்லர் மற்றொன்றுக்கு ஏறுவது வழக்கமே. எஞ்சினின் எண் அப்படியே இருந்தது. எவரும் வழக்குத் தொடரவில்லை.

இனி நம் நாட்டுச் செய்தி. 2021-இல் மத்திய அரசு பழங்கார்களுக்கென்று தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அசல் வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இருத்தலாகாது. தகுதி பெற்ற காரின் எண் பலகையில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இருக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அன்றாடப் போக்குவரத்துக்கு அதனைப் பயன்படுத்தலாகாது. இவ்விதியை ஓல்ட் நம்பர் ஒன்னுக்குப் பொருத்திப் பார்த்தால், ஒரு கோடி பவுன் பெற்ற கார் நம் ஆர்.டி.ஓ. ஆபீசில் தோற்றுத் திரும்பும் என்றே தோன்றுகிறது!

இதனை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் நம் சங்கத்து அன்பர் ஒருவர். அவருடைய தந்தையார் கல்கத்தாவில் வேலை பார்த்த நாளில் ஓர் எம்.ஜி. காரை வாங்கினார். 'டி.சி.' என்னும் வகை. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் சுமார் 10,000 செய்யப்பட்டன. அவ்வகையின் எண்வரிசை 0251-இல் தொடங்கிற்று. தொழிற்சாலையின் டெலிபோன் எண் 251 என்பதே காரணம். அக்காரின் 1250 சி.சி. எஞ்சின் பழுதுற்றபோது உதிரி உறுப்புகள் கிடைக்கவில்லை. பெரியவர் அம்பாஸடர் எஞ்சினைப் பூட்டிவிட்டார். 2014 வரை உத்தர்பாராவில் அம்பாஸடர் செய்யப்பட்டதால் அதற்குரிய சாமான்களுக்குப் பஞ்சமில்லை. குடும்பமே அக்காரில் பல்லாண்டு சென்று வந்தது. ஆனால் பழைய எஞ்சினை எடைக்குப் போடுமுன் அதிலிருந்த எட்டு மூலைப் பித்தளை எண் தகட்டை அவர் கழற்றி வைத்துக்கொண்டார். அத்தகடு இன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

அன்பருக்கு இப்போது வெளிநாட்டிலிருந்து அதே வகை எஞ்சின் ஒன்று கிடைக்கும்போல் இருக்கிறது. எண் மட்டும் வேறு. சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்தவர், டின்னைத் திறந்து காட்டி மெல்லக் கேட்டார்:

"சார், இந்தத் தகட்டைப் புது எஞ்சினில் அறைந்துவிட்டால் எண் பொருந்திவிடுமே. யாருக்குத் தெரியப் போகிறது?"

"உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவனுக்கு நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் தகட்டுக்கு மதிப்பில்லை, சொல்லாவிட்டால் அது திருட்டு" என்றேன்.

எஞ்சினை அதன் சொந்த எண்ணோடேயே வைக்கும்படியும், பெரியவர் காலத்து ரசீதுகளையும் அத்தகட்டையும் ஒரு கோப்பில் சேர்த்துக் காருடன் வைக்கும்படியும், அம்பாஸடர் எஞ்சினையும் எறிந்துவிட வேண்டாமென்றும் கூறினேன். அவர் ஒன்றும் மறுமொழி சொல்லவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, தகட்டை வேட்டி நுனியால் துடைத்து, மறுபடியும் டின்னில் வைத்து மூடிக்கொண்டு புறப்பட்டார்.