பால்மரப் பாலும் பொய் விரலும்

தஞ்சோங் ரம்புத்தான் தம்பி தங்கைகளே, பன்னிரண்டு வயது ஆனதும் மைகார்டு அடையாள அட்டை எடுக்கப் போவீர்கள். அங்கே உங்கள் இரண்டு கட்டைவிரல்களின் ரேகையையும் பதிவு செய்வார்கள். 2001-இல் மைகார்டு வந்ததிலிருந்தே அதன் சில்லுக்குள் கைரேகை இருக்கிறது. இப்போது நீங்கள் வைத்திருக்கும் சிறுவர் அட்டையான மைகிட்டில் அது கிடையாது.

உங்கள் விரல் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடும். மேடுகளின் மீது வியர்வைத் துளைகள் உண்டு. அதனால் தேத்தண்ணி கிளாஸ், கதவுப்பிடி, கைபேசிக் கண்ணாடி என்று தொட்ட இடமெல்லாம் கோடுகளின் அச்சு விழுகிறது. எந்தக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதைப் பார்த்துத்தான் இயந்திரம் ஆளை அடையாளம் காண்கிறது.

அந்த அச்சை வேறொருவர் எடுத்துவிட்டால்? ஜப்பானியப் பேராசிரியர் மாட்சுமோட்டோ 2002-இல் ஜெலட்டினில் பொய் விரல் செய்து பல இயந்திரங்களை ஏமாற்றிக் காட்டினார். ஆபத்தை எல்லாரும் அறிய வேண்டும் என்பதே அவர் நோக்கம். 2013-இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், புதிதாக வந்த ஐபோன் 5எஸ்-ஐப் பொய் விரலால் திறந்தது. கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படம் பிடித்து, அதை மை தடித்து நிற்கும்படி அச்சிட்டார்கள். அதன்மேல் ரப்பர் பாலையோ வெள்ளைப் பசையையோ பூசிக் காயவிட்டு, மெல்லிய தோலாக உரித்தார்கள். பிறகு ஈரம் ஏற அதன்மேல் மூச்சு விட்டார்கள், அவ்வளவுதான்! 1877-இல் நம் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டவர்கள் அந்தப் பாலுக்கு இப்படியொரு வேலை வருமென்று நினைத்திருக்கவே மாட்டார்கள். 2014-இல் அதே கிளப்பைச் சேர்ந்தவர், ஜெர்மன் அமைச்சர் ஒருவரின் கட்டைவிரல் ரேகையைச் சாதாரணப் புகைப்படங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார்.

எனக்குக் கவலை தருவது இதுதான்: திருடுபோன இரகசிய எண்ணை மாற்றிவிடலாம், கட்டைவிரலை மாற்ற முடியாது.

அதனால்தான் நல்ல கருவிகள் ரேகையோடு நிற்காமல், வைத்தது உயிருள்ள தோலா என்றும் சோதிக்கின்றன. நல்ல கைபேசிகள் ரேகையின் படத்தை வைத்துக்கொள்வதில்லை. அதன் கணக்கு வடிவத்தை மட்டும் பூட்டிய தனி இடத்தில் வைக்கின்றன. யாராவது பரிசு தருவதாகச் சொல்லி விரலை வைக்கச் சொன்னால், அம்மா அப்பாவைக் கேட்காமல் வைக்காதீர்கள். விரல் நுனி பெரிதாகத் தெரியும் படங்களை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். விரலால் திறக்கும் கைபேசியை அப்பாவிடம் கேட்டு அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். முதல் முறை அது விரலை ஏற்காது, இரகசிய எண்ணைத்தான் கேட்கும்.