வானில் ஒரு சாளரம்

2023 ஆகஸ்ட் 10 அன்று ஏர் இந்தியா நிறுவனம் தன் புதிய இலச்சினையைத் தில்லியில் வெளியிட்டது. அதன் பெயர் 'தி விஸ்டா'. முதற்பார்வைக்கு அது சாய்வாக மேலெழும் ஒரு பொன்னிற முனை, அவ்வளவே. முந்தைய இலச்சினையில் இருந்த அன்னமும் இல்லை, சக்கரமும் இல்லை. அந்த முனை ஒரு சாளரச் சட்டத்தின் உச்சி என்று நிறுவனம் விளக்கிய பிறகுதான், அரை நூற்றாண்டு கண்டு பழகிய காட்சியொன்று நம் நினைவில் மீள்கிறது.

1971இல் ஏர் இந்தியாவின் முதல் போயிங் 747 வந்து சேர்ந்தது. பேரரசர் அசோகரின் பெயர் தாங்கிய அவ்விமானத்தின் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் சிவப்பு வண்ணத்தில் வளைவுச் சட்டம் தீட்டப்பட்டிருந்தது. இராஜஸ்தான அரண்மனைகளில் சுவரை விட்டு வெளியே நீண்டு நிற்கும் ஜரோக்கா என்னும் பலகணியின் வடிவம் அது. விமானத்தை 'வானில் ஓர் அரண்மனை' என்று விளம்பரம் செய்தார்கள். உலக விமான நிலையங்களில் வரிசையாக நிற்கும் வெண்ணிற ஊர்திகளுக்கிடையே நம்முடையதை இனங்காண அந்தச் சிவப்புச் சாளரங்களே போதுமாக இருந்தன.

ஜரோக்கா அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. முகலாயப் பேரரசர்கள் காலையில் அத்தகைய பலகணியில் தோன்றிக் குடிமக்களுக்குக் காட்சி தருவது வழக்கம். அரசர் நலமாக இருக்கிறார், ஆட்சி நடக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஔரங்கசீப் காலத்தில்தான் அவ்வழக்கம் நின்றது. ஜெய்ப்பூரின் ஹவா மஹலிலோ நோக்கம் நேர்மாறானது. 1799இல் எழுந்த அம்மாளிகையின் 953 சாளரங்கள், அரச குலப் பெண்கள் பிறர் கண்ணில் படாமல் தெருவைக் காண்பதற்காக அமைந்தவை. ஒரே வடிவம் ஓரிடத்தில் தன்னைக் காட்டவும், மற்றோரிடத்தில் தன்னை மறைத்து உலகைக் காணவும் உதவியிருக்கிறது. விமான ஜன்னலுக்கு இவ்விரண்டில் எது பொருந்தும்? வெளியிலிருந்து நாட்டின் முகம், உள்ளிருந்து உலகின் காட்சி என இரண்டுமே பொருந்தும் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. ஹவா மஹல் என்றால் காற்று மாளிகை. நம் பழந்தமிழிலும் சாளரத்துக்குக் காலதர், அதாவது காற்று வரும் வழி, என்ற பெயர் உண்டு. இன்று நாம் புழங்கும் 'ஜன்னல்' போர்த்துகீசியர் கொணர்ந்த சொல்.

இங்கே ஒரு முரணும் உண்டு. காற்று வரும் வழியாக இருக்கவே இயலாத ஜன்னல் விமானத்தினுடையது. அதன் மூலைகள் வளைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. 1954இல் காமெட் விமானங்கள் வானிலேயே சிதறியபோது, உடற்பகுதித் திறப்புகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து உலோகம் சோர்ந்து விரிசல் கண்டதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. ஆகவே உலோகம் தன் வளைவை விட்டுக்கொடுக்காது. ஜரோக்காவின் கூர் உச்சி வண்ணப்பூச்சில் மட்டுமே வாழ முடிந்தது.

இந்நிறுவனம் அடையாளம் மாற்றுவது இது முதன்முறையன்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1946இல் வணிகப் பிரிவின் பாபி கூகாவும் ஓவியர் உமேஷ் ராவும் மகாராஜாவைப் படைத்தனர். தலைப்பாகையும் பெரிய மீசையும் கொண்டு பணிந்து வணங்கும் அவ்வுருவம் முதலில் குறிப்புத்தாள்களை அலங்கரிக்கப் பிறந்ததுதான். வில்லேந்திய குதிரை மனிதன் பல்லாண்டுகள் இலச்சினையாக விளங்கினான். 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸ் இணைந்தபோது அவன் பறக்கும் அன்னமாக உருமாறினான். அதனுள்ளே கொனாரக் சக்கரம் இடம்பெற்றது.

இடையில் 1989இல் ஒரு சோதனை நடந்தது. சிவந்த வாலில் பொற்சக்கரம் வரைந்து புதிய தோற்றம் அளித்தார்கள். பயணிகள் ஏற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பழைய தோற்றம் திரும்பியது. ஒரு நிறுவனத்தின் முகம் அந்த நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமில்லை என்பதை வாடிக்கையாளர்கள் உணர்த்திய தருணம் அது.

2023இன் மாற்றத்திலும் பலருக்கு வருத்தம் இருந்தது. ஜன்னல்தோறும் இருந்த சிவப்புச் சட்டங்கள் மறைந்தன. சாளரம் சுருங்கி ஒரு முனையாகி வாலில் ஏறியது. அடர்சிவப்பும் பொன்னும் தொடர்கின்றன. அவற்றோடு அடர்ந்த கத்தரி நிறம் சேர்ந்திருக்கிறது. அது விஸ்தாராவின் நிறம். அந்நிறுவனத்தை ஏர் இந்தியாவுடன் இணைப்பதென 2022 நவம்பரிலேயே முடிவு அறிவிக்கப்பட்டதால், இதனைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. மகாராஜா விடைபெறவில்லை, ஆயினும் அவருடைய இடம் உயர்வகுப்புச் சேவைகளையும் ஓய்வுக்கூடங்களையும் ஒட்டியதாகச் சுருங்கியது. எல்லாரையும் வணங்கியவர் சிலரை மட்டும் வணங்குவது நமக்குச் சற்றே உறுத்துகிறது.

வங்கிகள் இணைந்தபோது பாஸ்புக்கின் அட்டை மாறியதை நம் வாசகர்கள் கண்டிருப்பார்கள். புதிய அட்டையின் வண்ணத்தைப் பற்றிக் கருத்துக் கூறியோர் மிகச் சிலரே. கணக்கு எண் மாறுமா, பழைய காசோலை செல்லுமா, கிளை இருக்குமா என்றுதான் கேட்டார்கள். விமானப் பயணிக்கும் அப்படியே. இருக்கை சாய்கிறதா, திரை இயங்குகிறதா, நேரத்துக்குப் புறப்படுகிறதா என்பதே அவர் கேள்வி.

நிறுவனத்தின் கணக்கேடு இக்கேள்வியை அறிந்திருப்பதாகவே தெரிகிறது. 2022 ஜனவரி 27 அன்று டாட்டா குழுமம் ஏர் இந்தியாவைத் திரும்பப் பெற்றது. அதற்கான ஏலத்தொகை 18,000 கோடி ரூபாய். அதில் 15,300 கோடி கடன் பொறுப்பு. அவ்வாண்டு இறுதியில், 40 பெரிய விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பிக்க 40 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவிப்பு வந்தது. 2023 பிப்ரவரியில் 470 புதிய விமானங்கள் வாங்கும் முடிவும் வெளியாயிற்று: ஏர்பஸ் 250, போயிங் 220. வண்ணம் பூசுவது விரைவில் முடியும் வேலை. இருக்கைகளை மாற்ற ஆண்டுகள் ஆகும். அதுவரை புதிய வாலும் பழைய இருக்கையும் ஒரே விமானத்தில் பயணம் செய்யும்.

துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வேறு வழியில் சென்றது. 2023 அக்டோபரில் செம்மஞ்சளும் நீலப்பச்சையும் பூண்டு, வால்களில் நாட்டின் துணி வகைகளை வரையத் தொடங்கியது. முதலில் வந்தது பாந்தனி. அப்போது அறிவிக்கப்பட்ட வரிசையில் காஞ்சிபுரமும் இருந்தது.

புதிய தோற்றத்துடன் வந்த முதல் ஏர்பஸ் ஏ350 விமானம் 2023 டிசம்பரில் தில்லியில் தரையிறங்கியது. அதன் பதிவெழுத்துகள் விடி-ஜேஆர்ஏ. ஜே.ஆர்.டி.யை நினைக்காமல் அவற்றைப் படிப்பது கடினம். அதன் ஜன்னல்களைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் ஏதும் இல்லை.