முதல் பேனாக்கத்தி: திருச்சியில் வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருப்பவரின் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தால், ஒரு வாரத்தில் அது எதையெல்லாம் வெட்டும்? ஸ்ரீரங்கம் சாத்தார வீதியில் வாங்கிய பூக்கட்டின் வாழைநார், கூரியர் பெட்டியின் டேப், அரிசி மூட்டையின் தையல் நூல், பந்திக்கு நறுக்கும் வாழை இலை, கொய்யா, எலுமிச்சை. இதில் எதற்கும் நீளமான கத்தி தேவையில்லை, கம்பி வெட்டும் பலமும் தேவையில்லை. புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் தோற்றத்தைப் பார்த்து மயங்கி, பெரிதாக, கறுப்பாக, பல்பல்லாக இருக்கும் கத்தியில் பணத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் அது மேசை இழுப்பறைக்குப் போய்விடும். ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் அலகு, நேரான விளிம்பு, சட்டைப் பையை இழுக்காத எடை. அன்றாட வேலைக்கு இது போதும்.

மடக்கிச் செருகும் கத்தி மேற்கிலிருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை. ஓலையில் எழுதிய காலத்துப் புலவர்களிடம் மடக்கெழுத்தாணி இருந்தது. எழுத்தாணி ஒரு பக்கம், ஓலையை வாரிச் சீர்செய்யும் சிறு கத்தி மறுபக்கம், இரண்டும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்து அருணாசலத்தின் பட்டறையில் செய்த வேட்டைக் கத்திகளை வெள்ளைக்கார அதிகாரிகள் தேடி வாங்கினார்கள். நல்ல அலகின் மதிப்பு இந்த மண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

இனி, இரும்பு. திருச்சிக்காரருக்கு இதுதான் முக்கியமான தேர்வு. காரணம் வாழை. வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993 முதல் இயங்கும் ஊர் இது. தொட்டியம், முசிறி, லால்குடிப் பக்கத்துத் தார்களும் இலைகளும் இங்கே வந்து குவிகின்றன. வாழைப்பாலில் டானின் வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவை கார்பன் எஃகைத் தொட்டால் கருநீலக் கறை படியும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மசி காய்ச்சிய அதே வேதியியல்தான் அலகின் மேலும் நடக்கிறது. அதோடு எலுமிச்சையின் புளிப்பு, சித்திரை வெயிலில் சட்டைப் பைக்குள் ஊறும் வியர்வை. கார்பன் எஃகில் கூர்மை நன்றாக ஏறும், தீட்டுவதும் சுலபம். ஆனால் ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் பூசும் பழக்கம் இல்லாதவரிடம் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆகவே முதல் கத்தி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும் என்பேன்.

‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் பொறித்திருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியாது. 420, 440ஏ என்பதுபோல ரகத்தைச் சொல்லும் நிறுவனத்தை நம்பலாம். ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை கடினம் இருந்தால் அன்றாட வேலைக்குத் தாராளம். அதைவிடக் கடினமான எஃகு நெடுநாள் கூர்மையைத் தாங்கும். ஆனால் மழுங்கிவிட்டால் வீட்டில் தீட்டுவது புதியவருக்குப் பெரும்பாடு. மலிவு விலையில் கிடைக்கும் சற்று மிருதுவான எஃகு அவருக்கு ஒரு விதத்தில் நல்லதே.

நம்பகமான பெயர்களில் இரண்டைச் சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் 1884-இல் கார்ல் எல்சனர் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். அதன் சின்ன ‘கிளாசிக்’ மடக்கிய நிலையில் 58 மில்லிமீட்டர் நீளம்தான். கத்திரிக்கோலும் அதிலேயே உண்டு. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890-இல் பிறந்தது ஒப்பினெல். மரப்பிடி, 8-ஆம் எண்ணில் எட்டரை சென்டிமீட்டர் அலகு, விரித்தபின் திருகிப் பூட்டும் வளையம். அதில் கார்பன், ஸ்டெயின்லெஸ் இரண்டும் விற்பனைக்கு வருவதால் கேட்டு வாங்க வேண்டும். அசல் ஒப்பினெல் இங்கே வந்து சேரும்போது ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். விக்டோரினாக்ஸைப் பார்த்துச் சிவப்புப் பிடியில் சிலுவைக் குறி போட்ட நூறு ரூபாய் நகல்களில் மட்டும் பணத்தை வீணாக்காதீர்கள். பத்துக் கருவிகள் இருக்கும், ஒன்றுகூட ஒழுங்காக வெட்டாது. அந்தப் பணத்துக்கு ஒற்றை அலகுள்ள எளிய பேனாக்கத்தி எவ்வளவோ மேல்.

கடையில் கையில் வாங்கிப் பாருங்கள். அலகை விரித்து பக்கவாட்டில் மெல்ல அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. மடக்கினால் அலகு பிடியின் நடுவில் அமர வேண்டும், நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. வில்லின் பலத்தில் மட்டும் நிற்கும் பூட்டில்லாத கத்தியில் முதுகுப் பக்கமாக அழுத்தினால் அலகு விரல்மேல் மடங்கிவிடும். அதனால் குத்தித் துளைக்கும் வேலைக்கு அதை எடுக்கவே கூடாது. பட்டனைத் தட்டினால் பாயும் ரகம் எந்த விலையில் கிடைத்தாலும் வேண்டாம்.

கத்தியில் மிச்சம் பிடித்த காசைச் சாணைக்கல்லில் போடுங்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். வெட்டாததால் அழுத்துகிறோம், அழுத்தும்போது வழுக்குகிறது. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமுமாக உள்ள கார்போரண்டம் கல் இரும்புக்கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கல்லை நனைத்து, அலகைப் படுக்கவைத்து, முதுகை ஏறத்தாழ இருபது டிகிரி தூக்கி, அதே சாய்வு மாறாமல் தள்ளுங்கள். விளிம்பின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அந்தப் பிசிர் வந்தால்தான் விளிம்பு வரை தீட்டியதாக அர்த்தம். கடைசியில் நயமான பக்கத்தில் லேசாக மாற்றி மாற்றி இழுத்துப் பிசிரை எடுத்துவிட்டு, செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள். தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மணையையும் அருவாளையும் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பேனாக்கத்தியின் மெல்லிய அலகு சுழலும் சக்கரத்தின் சூட்டில் பதம் இழந்துவிடும்.

வாழைப்பால் காய்ந்துவிட்டால் வெறும் தண்ணீரில் போகாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் தேய்த்தால் விட்டுவிடும். மடங்கும் மூட்டுக்கு அந்த எண்ணெய் ஆகாது, நாளடைவில் பிசுக்காகும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடலாம்.

இதை வைத்திருந்தால் போலீஸ் பிடிக்குமா என்ற கேள்வி எல்லாருக்கும் உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்கென்று செய்தவை அதில் சேரா. சின்னப் பேனாக்கத்தி இந்த அளவுகளுக்கு வெகு கீழே. ஆனாலும் தடை உத்தரவு அமலில் உள்ள இடத்திலோ ஊர்வலத்திலோ அதை எடுத்துப் போவது வம்பு. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குப் போகிறவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

வெளிநாட்டு உறவினருக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் அங்குள்ள சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் அலகு மூன்று அங்குலத்துக்குள் அடங்கும், பூட்டில்லாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்துக்கொள்ளலாம். வளையப் பூட்டுள்ள ஒப்பினெல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. சிங்கப்பூரில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றமாகலாம். திருச்சி விமான நிலையத்தில் சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தியைக்கூடக் கைப்பையோடு உள்ளே விடமாட்டார்கள். புறப்படும் முன்பே கவுன்டரில் போடும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.